மாதேஷுக்குப் பத்திரிகை வைக்கவா என்று கேட்டாய்

தம்பி,

நேற்று சாயங்காலம் பத்திரிகைக் கட்டைப் பிரித்து, மூலைக்கு மஞ்சள் தடவி, நான் பெயர் சொல்லச் சொல்ல நீ எழுதிக்கொண்டிருந்தாய். சாமல்பட்டி மாமா வீடு முடிந்து, மத்திகிரியில் நம் வரிசை வீடுகளுக்கு வந்தபோது பேனாவை நிறுத்தாமலே கேட்டாய்: "ம்மா, மாதேஷண்ணனுக்கு ஒண்ணு எழுதட்டா?" நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. திரும்பி வந்தபோது நீ வேறு பெயருக்குப் போயிருந்தாய். ஆனால் ஒரு கவரை மட்டும் பெயர் எழுதாமல் தனியாக எடுத்துவைத்திருந்தாய். அந்தக் கவருக்கான பதில்தான் இது.

எனக்கு நேரில் பேச வராது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் நூலகப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் இறங்கும் இடம் வரை நிமிராதவள் என்று எனக்குப் பெயர் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன். உன் படிப்போடு சேர்ந்து நானும் தபாலில் படித்து முடித்தேன். இப்போது நாற்பத்திரண்டில் மாமியாராகப் போகிறேன். பெண் பார்க்கப் போன அன்று திவ்யாவின் சித்தி என்னை உன் அக்கா என்று நினைத்து, "உங்க அம்மா வரலைங்களா?" என்று கேட்டார். அன்று எல்லோரும் சிரித்தோம். இத்தனை புத்தகம் படித்த எனக்கு, அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைப் படிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதவேண்டும்.

முதலில், அடுத்த வீட்டில் இருந்த மாதேஷ் நமக்குச் செய்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேலே போனால் நீ இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்துவைத்துவிடுவாய். கால்நடைப் பண்ணைச் சாலையில் உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவன். அப்பா மாடிப்படியில் விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டபோது ஆட்டோவுக்குக் காத்திராமல் தூக்கிக்கொண்டு ஓடியது அவன். ஐ.டி.ஐ. முடித்து நீ சும்மா இருந்த நாட்களில் தன் கம்பெனியில் சொல்லி அப்ரண்டிஸ் வாங்கிக்கொடுத்ததும் அவன்தான். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசி, வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் வேண்டியவனாக இருந்தான். "தங்கமான பையன்" என்று நான் ஜோதியிடமே சொல்லியிருக்கிறேன். அவன் மனைவி ஜோதி, கல்லாவிப் பெண். என் கம்பெனியில் வயர் கட்டும் லைனில் வேலை. நான் அப்படிச் சொன்னபோது அவள் இடுப்பில் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு, "ஆமாங்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஷிஃப்ட் எந்த வாரம் எப்படி மாறினாலும் அந்த ஒரு மதியம் அவர்கள் இருவரும் வீட்டில் இருப்பார்கள். கறிக்குழம்பு வாசனை வரும். அதன் பிறகு சத்தம் வரும். ஒரு ஞாயிறு நீ தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "ம்மா, போய்ப் பாக்கலாமா?" என்றாய். உனக்கு அப்போது பதினெட்டு வயது. "புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நீ சாப்புடு" என்று சொல்லி டிவி சத்தத்தைக் கூட்டியது நான்தான். உன் அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். நீ சாப்பிடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உனக்கு அன்று சொல்லிக்கொடுத்தது என்ன என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அடுத்து நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் கம்பெனியில் டைம் ஆபீஸில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பார்ப்பதுதான் வேலை. காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு ஏழரைக்குள் கார்டு விழவில்லையென்றால், வேலைக்குச் சேரும்போது படிவத்தில் எழுதிக்கொடுத்த வீட்டு நம்பருக்கு நாங்கள் போன் செய்து கேட்போம். லைனில் ஒரு ஆள் குறைந்தால் மாற்று ஆள் போடவேண்டும் அல்லவா? பெண்களின் படிவத்தில் பெரும்பாலும் புருஷன் நம்பர்தான் இருக்கும். அதில் ஏதாவது கோளாறு இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை ஜோதியின் கார்டு விழவில்லை. மாதேஷுக்கு அந்த வாரம் மதிய ஷிஃப்ட். தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பினேன்.

"என்னா மாதேசு, ஜோதி இன்னிக்கு லீவா? சொல்லவே இல்ல?"

"இல்லீங்கக்கா, காலையிலயே கம்பெனி பஸ்ஸுக்குப் போனாளே."

"அப்ப பஸ்ஸ விட்டிருப்பா. வந்துருவா, நீ தூங்கு" என்று சிரித்துக்கொண்டே வைத்தேன். பதினைந்து விநாடி இருக்கும். மற்ற நம்பர்களுக்கும் போன் செய்து முடித்துவிட்டு டீ குடித்தேன்.

ஜோதி பஸ்ஸை விடவில்லை, போக விட்டிருந்தாள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் உதவி மையத்துக்கு அன்று வரச் சொல்லியிருந்தார்கள். குடும்ப வன்முறை வழக்குகளுக்கு மாவட்டம் முழுவதற்கும் இருக்கும் ஒரே பாதுகாப்பு அலுவலர் கிருஷ்ணகிரியிலிருந்து அன்றுதான் ஓசூர் வருவார். பத்து மணிக்குத்தான் வருவார் என்பதால் ஜோதி பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லவேண்டியதில் பாதியைச் சொல்லிவிட்டு, கம்பெனி பஸ் திரும்பும் நேரத்துக்குச் சரியாக வீட்டுக்கு வந்தாள். மாதேஷ் ஷிஃப்டுக்குப் போகாமல் காத்திருந்தான். நான் செய்த போனுக்கு அவள் விலை கொடுத்தாள். வலது கையில் இரண்டு விரல் உடைந்தது. வயர் கட்டும் லைனில் விரல்தான் சம்பளம்.

மூன்றாம் நாள் கட்டுப் போட்ட கையோடு வந்தாள். "கதவுல நசுங்கிருச்சுங்கா" என்றாள். நான் அதையே படிவத்தில் எழுதி, முதலுதவி அறைக்கு அனுப்பினேன். அங்கே இருக்கும் நர்ஸ் நூர்ஜஹானை நீ பார்த்திருக்கிறாய், ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தருவாளே, அவள்தான். நூர்ஜஹான் அந்தப் படிவத்தைப் பார்த்தாள், ஜோதியைப் பார்த்தாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அரைமணி கழித்து வெளியே வந்து என் மேசையருகில் நின்று, "யக்கா, செவ்வாக்கெழம அவ வீட்டுக்கு யாரு போன் பண்ணது?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "நான்தான்" என்றேன்.

அடுத்த வாரக் கடைசியில் உதவி மையத்திலிருந்து ரேணுகா கம்பெனிக்கே வந்தாள். ஜோதி அடுத்த தடவை வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்று தேடிக்கொண்டு வந்தவள். உன்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவள். வீட்டில் தெலுங்கு பேசுகிற பெண், தோளில் எப்போதும் ஒரு பெரிய பை. நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க உங்க வேலயத்தாங்க்கா செஞ்சீங்க. வேலை நேரத்துல வான்னு சொன்னது நாங்க. ஸ்டேஷன்ல இருந்து விசாரிக்கன்னு வீட்டு நம்பருக்கே கூப்புட்டாங்க. அவுங்களும் அவுங்க வேலயத்தான் செஞ்சாங்க. எல்லாரும் ஒழுங்கா வேலை செஞ்சோம். அவ வெரலு போச்சு."

ஆறுதல் சொன்னாளா, குற்றம் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமாக இருக்கும். ஆனால் அவள் அதோடு விடவில்லை. அடுத்த வியாழன் மதியம் முதலுதவி அறையில் ஐந்து பேரை உட்காரவைத்தாள். நூர்ஜஹான், நான், பாதுகாப்பு அலுவலர், இலவச சட்ட உதவி வக்கீல், மகளிர் காவல் நிலையத்து ஏட்டம்மா. இத்தனை வருஷம் ஒரே ஊரில் வேலை செய்தும் அவர்களில் பாதிப் பேர் ஒருவரையொருவர் கையெழுத்தாக மட்டும் அறிந்தவர்கள். நாற்காலி போதாமல் ஏட்டம்மா நோயாளிக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "போலீஸ் டிரஸ்ஸோட வந்தா உங்க கேட்டுல இருக்கறவன் மேனேஜருக்கு விசில் அடிச்சிருவான்னு பொடவையில வந்தன். டிபன் பை கூட எடுத்தாந்திருக்கன், பாருங்க" என்று காலியான பையைத் தூக்கிக் காட்டினார். சிரித்தோம். பிறகு ரேணுகா கேட்டாள்: "வீட்டுக்குத் தெரியாம, சம்பளம் போகாம, லைன்ல யாருக்கும் சந்தேகம் வராம அவ எப்ப நம்மகிட்டப் பேச முடியும்?"

அந்தப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய நாளில் அவன் கண்ணுக்கு எட்டாத எட்டு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று என் மேசையில் சார்ட்டாக ஒட்டியிருந்தது. "ஷிஃப்டுலதான்" என்றேன். "அவ நம்மகிட்ட வர வேணாம். நாமதான் இங்க வரணும்." கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நூர்ஜஹான் அதைப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்திய மட்டும் கூப்புட்டா லைனு பூரா தெரிஞ்சிரும். எல்லாரையும் கூப்புடுவோம்க்கா. ரத்தசோகை டெஸ்ட்டுன்னு போடுவோம். பொய்யும் இல்ல, பாதிப் பேருக்கு ரத்தமே இல்ல."

எச்.ஆர். மேனேஜர் லேசில் சம்மதிக்கவில்லை. "ஆளுக்குப் பத்து நிமிஷம்னா லைன் நிக்குமேம்மா, யார் பதில் சொல்றது?" என்றார். நூர்ஜஹான் அவர் முன்னால் உட்காரக்கூட இல்லை. "மயக்கம் போட்டு மிஷின் மேல உழுந்தா லைன் நிக்காதுங்களா சார்?" அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "சரி, மாசத்துக்கு ஒரு நாள்" என்றார். பிறகு, நாங்கள் கேட்காமலே, தன் பக்கத்து அறையையும் காலி செய்துகொடுத்தார். அவருக்கும் இரண்டு பெண்கள்.

அப்படித்தான் அது நடந்தது. மாதம் ஒரு வியாழன் எல்லாப் பெண்களும் ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், பிறகு ஒரு கேள்வி: "வீட்ல எல்லாம் எப்படி இருக்குது?" பலர் "நல்லாருக்குது" என்று சொல்லி வாழைப்பழம் வாங்கிக்கொள்வார்கள். சிலர் பத்து நிமிஷமும் பேசுவார்கள். யார் பத்து நிமிஷம் பேசினார்கள், யார் இரண்டு நிமிஷம் பேசினார்கள் என்று வெளியே தெரியாமல் இருக்க, ஏட்டம்மா எல்லோரையுமே பத்து நிமிஷம் பிடித்துவைத்து, குழம்புக்கு என்ன போட்டாய் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். பதினைந்து வருஷம் திருடர்களை விசாரித்தவர் கத்தரிக்காயை விசாரிப்பதைக் கேட்க வேண்டுமே! என் பங்குக்கு நான் செய்தது ஒன்றே ஒன்று. வரவில்லையென்றால் யாருக்குப் போன் செய்யவேண்டும் என்ற நம்பரை அந்த அறைக்குள், தனியாக, ஒவ்வொருத்தியும் புதிதாக எழுதித் தரவேண்டும் என்று வைத்தேன். எத்தனை பேர் மாற்றினார்கள் என்று நான் எண்ணவில்லை. அம்மா நம்பர், அக்கா நம்பர், லைனில் பக்கத்தில் நிற்பவளின் நம்பர் எல்லாம் வந்தன. ஒருத்தி ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "எந் நம்பரே போடலாங்களாக்கா?" என்று நூர்ஜஹானிடம் கேட்டாளாம்.

ஜோதி முதல் வியாழன் பேசவில்லை. வாழைப்பழத்தோடு வந்துவிட்டாள். என் மேசையைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அது நியாயம்தான். இரண்டாம் வியாழன் உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்ததும் ஏட்டம்மா கையை உயர்த்தி நிறுத்தி, பக்கத்து அறையிலிருந்த வக்கீலையும் பாதுகாப்பு அலுவலரையும் கூப்பிட்டு, "இவ ஒரு தடவதான் சொல்லுவா. காது இருக்கறவங்க எல்லாம் இப்பவே வந்து கேட்டுக்குங்க" என்றாராம். நூர்ஜஹான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டெஸ்ட் நாட்களில் நான் அந்த அறைக்குள் போனதில்லை. ஒரே தாளில் பாதுகாப்பு அலுவலர் எழுதினார். அதை வைத்தே வக்கீல் மனு தயார் செய்தார். அதே தாளில் விரல் உடைந்ததைப் பற்றி நூர்ஜஹான் தன் குறிப்பை எழுதி, எக்ஸ்ரே எடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் வைத்தாள். ஒரு பெண் தன் அவமானத்தை ஐந்து மேசைகளில் ஐந்து தடவை விரித்துக் காட்டவேண்டியிருந்ததை, ஒரே தடவையாக ஆக்கினார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம். நான் படித்த எந்தக் கதையிலும் இதைவிடப் பெரிய கருணையைப் பார்த்ததில்லை.

இங்கே உன்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மனு போட்டு உத்தரவுக்குக் காத்திருந்த வாரம் அது. ஜோதியின் நடையில் ஏதோ மாறியிருப்பதை மாதேஷ் மோப்பம் பிடித்துவிட்டான். ஒரு நாள் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, டீக்கடை ஓரம் நின்றிருந்த ஆட்டோவுக்குப் பின்னால் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நீங்கள் இருவரும் நின்றீர்கள்.

"டேய், உங்கம்மா டைம் ஆபீசுதான? ஜோதி தெனமும் உள்ள போறாளா, எப்ப வெளிய வர்றான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்றா."

"எதுக்குண்ணா?"

"எதுக்கா? எம் பொண்டாட்டிடா. கேளுன்னா கேளேன்."

"அவுங்க போறது வர்றத அவுங்ககிட்டயே கேட்டுக்குங்கண்ணா. நான் கேக்க மாட்டன்."

"பெரிய கலெக்டரு! வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தவன் நான். அம்மா முந்தானைய விட்டு எப்படா வெளிய வருவ?"

நீ டீ கிளாஸை வைத்துவிட்டு நடந்துவிட்டாய். அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு அவன் வண்டியை நீ தொடவில்லை. அந்த வாரம் எது உன் கையில் இருந்தது என்று உனக்குத் தெரியாது. உன் வயதைப் போல இரண்டு மடங்கு வயதான நான், யாரும் வற்புறுத்தாமலே, பதினைந்து விநாடியில் கொடுத்துவிட்டதை, உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் கேட்டும் நீ கொடுக்கவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுக்காததை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியவில்லை.

கோர்ட் உத்தரவு வந்தது. மாதேஷ் அவளை நெருங்கக்கூடாது, வீட்டுக்கும் கம்பெனிக்கும் வரக்கூடாது, வீட்டை விட்டுப் போகவேண்டியது அவன். வரிசையில் பலருக்கு இதுதான் பொறுக்கவில்லை. பெண் பையைத் தூக்கிக்கொண்டு பிறந்தவீட்டுக்குப் போவதைப் பார்த்துப் பழகிய கண்கள். ஷிஃப்ட் முடிந்து வந்தவனை ஏட்டம்மா ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். அங்கன்வாடி டீச்சர் குழந்தையை அன்று தன்னோடு வைத்துக்கொண்டார். அவன் துணிமணியை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனது உன் அப்பா. "எத்தன தடவ வெளிய போயி நின்னேன், இன்னிக்காவது உள்ள போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டேஷன் பெஞ்சில் அவனோடு உட்கார்ந்து டீ வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அவன் அழுதான். நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

வீட்டுக்காரர் அடுத்த வாரமே ஜோதியைக் காலி செய்யச் சொன்னார். போலீஸ் வந்துபோகிற வீடு வேண்டாமாம். மறுநாள் ஏட்டம்மா முழு யூனிஃபார்மில் வந்து அவர் வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பைக் காலி செய்துவிட்டு, "வாடகை ஒழுங்கா வருதுங்களா?" என்றார்.

"வருதுங்க மேடம்."

"தண்ணி, கரண்டு, சண்ட, சத்தம் ஏதாவது?"

"இப்ப ஒண்ணும் சத்தம் இல்லீங்க மேடம்."

"இப்ப சத்தம் இல்ல. அப்ப நல்ல குடித்தனம்தான்" என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டில்தான் ஜோதி இன்னும் இருக்கிறாள். விரல் முழுதாக மடங்காததால் லைனிலிருந்து தர சோதனைக்கு மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் சூப்பர்வைசரையே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று எழுதினால் அது பொய். ஒரு வியாழன் பத்து நிமிஷமும் அழுதுவிட்டுப் போன ஒரு பெண் அடுத்த வாரம் வேலைக்கு வரவில்லை. புருஷன் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வீடு மாற்றிவிட்டான். ஆறேழு மைல்தான், ஆனால் வேறு மாநிலம், வேறு ஸ்டேஷன், வேறு மொழியில் காகிதம். அவளை நாங்கள் தவறவிட்டோம். ரேணுகா அதற்குப் பிறகு பஸ் ஏறி எல்லை தாண்டிப் போய், அங்கே இதே வேலை செய்யும் ஒரு கன்னடப் பெண்ணைத் தேடிப் பிடித்துப் பழகி வைத்திருக்கிறாள். இப்போது யாராவது வீடு மாறினால், லாரி போய்ச் சேரும் முன்னால் போன் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனாலும் ஏட்டம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்காமல் எழுந்திருப்பதில்லை.

இவர்கள் யாரும் வீரர்கள் இல்லை, தம்பி. ஏட்டம்மாவுக்கு முட்டிவலி. பாதுகாப்பு அலுவலர் கிருஷ்ணகிரிக்குக் கடைசி இருக்கையில் தூங்கிக்கொண்டு போகிறார். ரேணுகாவின் வேலை வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கப்படுகிற ஒப்பந்த வேலை. ஒருமுறை அவளிடம் பெருமையாக, "எங்க வீட்டுக்காரரு என் மேல ஒருநாளும் கை நீட்டினதில்ல" என்றேன். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது என்னங்க்கா, போனஸா? சம்பளத்துலயே சேர்ந்தது" என்றாள். நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். திவ்யாவை அடிக்காதே என்று நான் உனக்குச் சொல்லவேண்டிய நிலைமையில் நீ இல்லை. அதற்காக உன்னைப் பாராட்டப்போவதும் இல்லை. நான் கேட்பது வேறு. அவளுக்கு நீ போகாத இடங்களும் உனக்குத் தெரியாத நேரங்களும் இருக்கட்டும். அவள் எங்கே இருக்கிறாள் என்று உன்னிடம் யார் கேட்டாலும், அது நானாகவே இருந்தாலும், அவளையே கேட்கச் சொல்.

இப்போது அந்தக் கவருக்கு வருகிறேன். மாதேஷ் பாகலூர் பக்கம் ஒரு ரூமில் இருக்கிறான். ரேணுகாவின் மையம் அனுப்பிய ஆலோசனைக்கு ஒழுங்காகப் போய்வந்தான் என்று கேள்விப்பட்டேன். குழந்தையை மாதம் இரண்டு முறை அந்த மையத்திலேயே வந்து பார்க்கிறான். அவன் திருந்தியிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவனை வெறுக்கச் சொல்லி உன்னை நான் கேட்கவில்லை. கற்றுக்கொண்ட வண்டி கற்றுக்கொண்டதுதான், வாங்கிய வேலையும் வாங்கியதுதான், அந்த நன்றி உன்னிடம் இருக்கட்டும். ஆனால் பத்திரிகை வைக்காதே. அவனை மண்டபத்துக்குக் கூப்பிட்டால் ஜோதி வரமாட்டாள். அல்லது வந்து, நாற்காலியில் முதுகு படாமல், வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த உத்தரவைக் காகிதமாக்க ஐந்து பேர் அத்தனை பாடுபட்டார்கள். அதை நாம் ஒரு மஞ்சள் தடவிய அட்டையால் கிழிக்கவேண்டாம்.

இன்று காலை ஜோதி என் மேசைக்கு லீவு படிவத்தோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை. இப்போது பேசுகிறாள். உன் முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் சேர்த்து இரண்டு நாள் கேட்டிருந்தாள். "எதுக்கு ரெண்டு நாளு? மண்டபம் நம்ம ஊர்லதான" என்றேன். "மொத நாளு பாப்பாவுக்குத் துணி எடுக்கணும்ங்கா. அவசர அவசரமா வரமாட்டன், சொல்லிட்டன்" என்றாள்.

நீ ஒன்று செய். அவனாகக் கேள்விப்படும் முன்னால் நீயே போய்ப் பார். போனில் வேண்டாம். "எனக்குப் பத்திரிகை இல்லையாடா?" என்று கேட்பான். அம்மா வேண்டாம் என்றார்கள் என்று என் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. "நான்தான் வைக்கலைண்ணா. ஏன்னு உங்களுக்கே தெரியும்" என்று சொல். திட்டினால் வாங்கிக்கொள். அழுதால் கொஞ்ச நேரம் கூட இரு. ஜோதி வருகிறாளா என்று கேட்டால் உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் அன்று பந்தியில் நிதானமாக உட்காரட்டும். பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, தனக்கு வேண்டியதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, பாயசம் வரும்வரை இருந்து சாப்பிட்டு எழுந்திருக்கட்டும்.

உன்
அம்மா